மந்தாரக்குப்பத்து வண்டியின் 'டக்' சத்தம்

காலை ஐந்தே காலுக்குக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பண்ருட்டி வண்டியில் ஏறினேன். ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். தூரமும் ஏறக்குறைய அவ்வளவு கிலோமீட்டர்தான். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுப்புடவை கிடையாது. எட்டாம் நம்பரிலிருந்து பதினேழு வரை ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், ஒரு டார்ச், கிழிந்த பனியன் துணி, ஒரு துண்டுக் கம்பி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஊருக்குப் போகும்போது பெண்கள் பையில் என்ன வைப்பார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

என்னை வரச் சொன்னவன் குமரவேல், என் சின்னம்மா மகன். நெய்வேலியில் சுரங்கத்துப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. அவனும் அவனோடு வேலை பார்த்த பழனியும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பைக் வாங்கியிருந்தார்கள். பழனி வைகாசிக் கடைசியில் இறந்துபோனான். நாற்பத்தொரு வயது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

போனில் குமரவேல் கேட்டது ஒரே ஒரு விஷயம். வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. பழனி வண்டியோடு கீழே விழுந்ததால் வந்த சத்தம் என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தான். இப்போது பழனியின் மனைவி செல்வி, அவர் விழவே இல்லை என்கிறாள். "சரி பண்றது அப்பறம்க்கா. அவன் விழுந்தானா இல்லயா, அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றான். செத்தவனைப் பற்றி ஒரு இரும்பிடம் சாட்சி கேட்கிறானே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தும் கிளம்பிவிட்டேன்.

அணைக்கரைப் பாலம் தாண்டும்போது விடிந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்திருந்தது. சேத்தியாத்தோப்பில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் காடாம்புலியூர்க்காரர். பலாப்பழம் இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறாராம். மனிதர் மேலெல்லாம் பழ வாசனை. பேருந்து குலுங்கும்போதெல்லாம் என் பை சத்தம் போட்டது. பாத்திரமா என்று கேட்டார். ஸ்பேனர் என்றேன். வீட்டுக்காரருக்கா என்றார். எனக்குத்தான் என்றேன். மனிதர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் வண்டியின் பிரேக் கத்துகிற கதையை எடுத்தார். வடலூர் வரை அதுதான் பேச்சு.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், பின்னால் உதவும். முன் டிஸ்க் பிரேக் 'கீச்' என்றால் தூசி அல்லது ஈரம், சுற்றும் டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் பளபளவென்று தேய்ந்திருக்கலாம், பயப்பட வேண்டாம். 'கர்ர்' என்றால் பேட் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'டக்' என்றால்தான் சிக்கல். அசையக் கூடாத ஏதோ ஒன்று அசைகிறது என்று அர்த்தம். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கோன்செட் தளர்ந்திருந்தாலும் 'டக்' தான். பிரேக்குக்குள்ளே ஏதாவது ஆடினாலும் 'டக்' தான். முதலாவது, பெரும்பாலும் விழுந்த வண்டியில், இல்லையென்றால் குழியில் பலமாக இறங்கிய வண்டியில் வரும். கேட்பவருக்கு இரண்டும் ஒரே சத்தம். பலாப்பழக்காரருக்கு வெறும் 'கீச்'. நான் இறங்குவதற்கு நிம்மதியாக வழி விட்டார்.

ஏழு நாற்பதுக்கு ஆர்ச் கேட். அங்கிருந்து டவுன்ஷிப் வழியாக மந்தாரக்குப்பத்துக்கு டவுன் பஸ். நெய்வேலியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் இவ்வளவு நேரான சாலைகளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. 'வட்டம்' என்ற பெயரில் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரே அச்சில் குவார்ட்டர்ஸ், இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள். டவுன்ஷிப்பைத் தாண்டி வெளியே வந்தால் மரம் குறைந்து தூசி கூடுகிறது. தூரத்தில் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் மலை மாதிரி மண்மேடு. மலை இல்லாத ஊரில் அது தோண்டிப் போட்ட மண். பர்மனென்ட் ஆட்கள் மரத்துக்கு உள்ளே, கான்ட்ராக்ட் ஆட்கள் மரத்துக்கு வெளியே என்று பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். அவர் மகன் உள்ளேயா வெளியேயா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கேட்டிருக்கக் கூடாது.

எட்டரைக்குக் குமரவேல் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அவன் மனைவி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போயிருந்தாள். டீ அவனே போட்டான். சர்க்கரை கூடப் போய்விட்டது. ஆள் இளைத்திருந்தான். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு ஆணி; அதில் வளைந்த சின்னத் தகடு ஒன்று செருகி, அதன் பிடியில் கட்டம் போட்ட ஒரு தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் நேராக 'கு', 'ப', 'கு', 'ப' என்று மாறி மாறி எழுதியிருந்தது. வண்டி எந்த வாரம் யாரிடம் என்று பழனி கைப்பட எழுதிய தாள் அது என்றான்.

ஏற்பாடு இதுதான். பழனியின் ஊர் கம்மாபுரத்துக்குப் பக்கம், இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். செகண்ட் ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வெளியே வந்தால் அவனுக்கு பஸ் கிடையாது. ஆகவே அந்த வாரங்கள் வண்டி அவனுக்கு, மற்ற வாரங்கள் குமரவேலுக்கு. ஞாயிறு காலை பஸ் நிலையத்து டீக்கடையில் சாவி கைமாறும். துடைத்துத் தர வேண்டும், பெட்ரோல் ரிசர்வில் இருக்கும்போது தரக் கூடாது. மூன்று வருடம் ஒரு மனஸ்தாபம் இல்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் குமரவேல் முன் பிரேக்குக்குப் புது பேட் வாங்கி, தானே மாட்டினான். மாட்டிய கையோடு வண்டியைப் பழனியிடம் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் பழனி போன் செய்து, முன்னால் என்னவோ 'டக்'குங்குது என்றான். திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தால் சத்தம் இருந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, விழுந்த வண்டி மாதிரி இருக்கே என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வாயை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் குமரவேல் நேராகக் கேட்டான். பழனி முதலில் இல்லை என்றான். குமரவேல் சத்தம் போட்டான்; பொய் சொல்கிறவனோடு பங்கு வேண்டாம் என்றும் சொன்னான். பழனி டீ கிளாசைக் கீழே வைத்தானாம். அப்புறம் ஒத்துக்கொண்டானாம்.

"என்னா சொன்னான் தெரியுமாக்கா? 'ஆமாம்பா, ஊமங்கலம் வளைவுல சறுக்கிட்டேன். என் தப்புதான். வண்டிய மட்டும் நிறுத்திடாத'ன்னான். அவனே சொன்னப்பறம் நான் எப்படி நம்பாம இருப்பேன்?"

குமரவேல் நிறுத்தித்தான் வைத்தான். சரி பண்ணும்வரை யாருக்கும் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தான். மாசி, பங்குனி, சித்திரை என்று போனது. செகண்ட் ஷிப்ட் வாரங்களில் பழனி சைக்கிளில் வந்து போனான், அக்கினி நட்சத்திரத்திலும். பதினான்கும் பதினான்கும் இருபத்தெட்டு. வேலை இடத்தில் பார்த்தால் இருவரும் பேசிக்கொள்வார்கள்; வண்டிப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

ஒன்பதே காலுக்கு வண்டியைச் சந்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். முதலில் ஓட்டிப் பார்த்தேன். சந்தின் மேடு பள்ளத்தில் முன்னால் 'கடகட' என்றது. பிரேக் லீவரை லேசாகத் தொட்டுப் பிடித்தால் 'கடகட' நின்றது. அழுத்திப் பிடித்தால் ஒரு 'டக்'. இறங்கி, வண்டியைப் பின்னால் தள்ளிப் பிடித்தேன். மறுபடி ஒரு 'டக்'. கோன்செட்டாக இருந்தால் பிரேக்கைத் தொட்டதும் 'கடகட' நிற்காது; அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆனால் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல. பாதியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் கனம் வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு காலையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். துளி ஆட்டம் இல்லை. ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினேன். கையில் எங்கும் தட்டாமல் போனது. கோன்செட் நன்றாக இருந்தது. துண்டுக் கம்பியை ஃபோர்க்கில் கட்டி அதன் நுனியை டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஒரு முழுச் சுற்றுக்கும் இடைவெளி மாறவில்லை. டிஸ்க் வளையவில்லை. எதிரே போய் நின்று பார்த்தேன்; ஹேண்டிலும் சக்கரமும் நேர்.

பிறகு விழுந்த தடம் தேடினேன். பைக் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தரை முதலில் தொடுவது லீவர் நுனியில் இருக்கும் உருண்டையை, ஹேண்டில் முனையை, ஃபுட்ரெஸ்ட் ரப்பரை. இரண்டு பக்கமும் டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்தேன். உருண்டைகளில் கம்பெனி பூச்சு அப்படியே இருந்தது. எதையாவது மாற்றினானா என்று கேட்டேன். ஒன்றும் மாற்றவில்லை என்றான். தார் ரோட்டில் சறுக்கிய வண்டி இப்படி இருக்காது. புல்லில் சாய்ந்தால்கூட இப்படி இருக்காது.

"விழல, இல்லக்கா?" என்றான்.

"பேட்டைக் கழட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

பேட்களை உள்ளே வைத்திருக்கும் கேலிபரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி இறக்கினேன். பேட்கள் கையோடு ஆடின. அவை ஆடக் கூடாது. கேலிபரின் உள்கூரையில் மெல்லிய ஸ்டீல் தகடு ஒன்று வளைந்து உட்கார்ந்திருக்கும். அதன் வேலை பேட்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆடாமல் வைப்பது. அந்த இடம் காலியாக இருந்தது. பழைய பேட்டை எடுக்கும்போது அதுவும் உதிர்ந்து வந்திருக்கும். பேக்கிங் தகடு என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். தானே பேட் மாட்டுகிற பத்துப் பேரில் நான்கு பேர் செய்கிற தவறு இது. பிரேக் பிடிக்கத்தான் செய்யும். சத்தம் மட்டும் வரும்.

தகடு எப்படி இருக்கும் என்று மண்ணில் விரலால் வரைந்து காட்டினேன். நடுவில் தட்டை, இரண்டு பக்கமும் வளைந்த காது. குமரவேல் குனிந்து பார்த்தான்.  எழுந்து வீட்டுக்குள் போனான். போனவன் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன். 'கு', 'ப' தாள் கீழே கிடந்தது. தகடு அவன் உள்ளங்கையில் இருந்தது. காலையில் டீ குடித்தபோது அதற்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்; இருபத்திரண்டு வருடத்து வாத்தியாரம்மாவுக்கும் கண் இருக்கவில்லை. பளபளவென்று நன்றாக இருக்கிறதே, தூக்கிப் போடுவானேன் என்று பேட் மாட்டிய அன்றே அதை ஆணியில் செருகியிருக்கிறான். ஆறு மாதத்துக்கு மேலாக அது அவர்கள் இருவரின் முறையைப் பிடித்துக்கொண்டு சுவரில் நின்றிருக்கிறது.

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. தரையில் உட்கார்ந்து, தங்கள் வேலை இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அங்கே ஏதாவது உடைந்தால், தொலைந்தால், யார் செய்தது என்று சூப்பர்வைசர் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாருக்கும் வேலை நிற்கும். ஒருவன் முன்னால் வந்து நான்தான் என்று சொல்லிவிட்டால் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு மறுபடி உள்ளே விடுவார்கள். செய்தவனா செய்யாதவனா என்பது கணக்கில்லை. முறை வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்களாம். பழனி அதிகமாகவே ஒத்துக்கொண்டவன். அவன் அப்பா காலத்திலிருந்து அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பம். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"'என் தப்புதான் சார், வேலய மட்டும் நிறுத்திடாதீங்க.' இதாங்க்கா நாங்க சொல்ற வார்த்த. நானும் எத்தினியோ வாட்டி சொல்லிகினு இருந்தவன்தான்" என்றான். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதே வார்த்தயத்தான் அன்னிக்கி டீக்கடையில எங்கிட்ட சொன்னான். எங்கிட்ட. அது எனக்குக் காதுல ஏறல பாரு."

 நெஞ்சு வலிக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். சம்பந்தமில்லாமலும் இருக்கலாம், அது டாக்டருக்கே தெரியாது. நான் மெக்கானிக். தகட்டை வாங்கித் துடைத்து, காது சரியாக விழும்படி உட்காரவைத்து, பேட்டைப் போட்டு, கேலிபரை ஏற்றி முறுக்கினேன். லீவரை நாலைந்து தடவை அடித்து இறுக்கம் பார்த்தேன். பிறகு சந்தில் ஒரு சுற்று. மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் வேலை. மொத்தம் நாற்பது நிமிடம்.

செல்வி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து, ஒன்றரைக்கு அவன் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து கிளம்பினோம். வண்டியைச் செல்வியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவன் முன்பே முடிவு செய்திருந்தான். அவள் தம்பி ஓட்டுவானாம். மந்தாரக்குப்பம் தாண்டியதும் காற்று பலமாக எதிரே அடித்தது. ஊமங்கலம் வளைவில் அவன் வேகத்தைக் குறைத்தான். பிரேக் பிடித்தது தெரியாமல் பிடித்தது. இருவருமே காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். வளைவில் ஒரு புளியமரமும் ஒரு மைல் கல்லும் தவிர ஒன்றுமில்லை.

இரண்டு மணிக்குப் பழனியின் ஊர். செல்வி முந்திரி உடைக்கிற வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. எங்களை உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவந்து வைத்தாள். குமரவேல் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தகட்டை, ஆணியை, தாளை, ஒன்றையும் விடவில்லை. அவன் விஷயத்தில் நான் பெருமைப்பட்ட ஒரே இடம் அது.

செல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன், விழலன்னு" என்றாள்.  என்னைப் பார்த்து, பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்குமா, தம்பி கொஞ்சம் வேகமாக ஓட்டுவான் என்றாள். பிடிக்கும் என்றேன். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு குமரவேலைப் பார்த்துக் கேட்டாள்: "நீ எப்படித் திரும்பிப் போவ?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. பஸ்ஸில் என்றான்.

"பஸ்ஸு நாலு மணிக்குத்தான். அவரு சைக்கிளு சும்மாத்தான் கெடக்குது. எங்க வூட்ல அத ஓட்ட ஆளு இல்ல. எடுத்துகினு போ."

அது கோபமா, கரிசனமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. குரல் உயரவில்லை, மோர் குடியுங்கள் என்று சொன்ன அதே குரல். சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் நின்றது. பழக்க தோஷம், நான் போய் டயரை அமுக்கிப் பார்த்தேன், காற்று இருந்தது. முன் பிரேக் கட்டை இரண்டும் புதுசு. சங்கிலியில் எண்ணெய் காயவில்லை. ஒழுங்காக வைத்திருந்தவன். குமரவேல் ஹேண்டிலைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். செல்விக்குக் கும்பிடு போட்டான். சைக்கிளோடு கிளம்பினான். அப்போது மணி மூன்றேகால்.

நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது என் ஒர்க்ஷாப் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஏதாவது உடையும். யார் என்று கேட்பேன். யாராவது ஒருவன் எழுந்து, நான்தான் மேடம் என்பான். நேர்மையான பையன் என்று அவனை விட்டுவிடுவேன். பெரும்பாலும் எழுந்தவர்கள் அரசு விடுதிப் பையன்கள். அவர்கள் கைதான் அதிகம் தவறுகிறது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையிலேயே நீதானா என்று ஒருவனையும் நான் கேட்டதில்லை. கும்பகோணத்துக்கு வெட்கத்தோடு திரும்புவேன் என்று காலையில் நினைத்திருக்கவில்லை.

நாலு மணி பஸ் பத்து நிமிடம் தாமதம். ஆர்ச் கேட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு இடது பக்கச் சன்னலில் உட்கார்ந்தேன். ஊமங்கலத்துக்கு வெகு முன்னாலேயே அவன் தெரிந்தான். ஆடிக் காற்று இப்போது அவன் முதுகில்தான் அடித்தது. மிதிக்காமலே சைக்கிள் ஓடும். அவன் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தான். டிரைவர் ஹாரன் அடித்ததும் சைக்கிளை மட்டும் ஓரமாக, மண்ணில் இறக்கினான். தான் தாரிலேயே நடந்தான். கூப்பிடலாமா என்று கையைத் தூக்கினேன். பஸ் தாண்டிவிட்டது. மணி நாலே கால். பதினான்கு கிலோமீட்டரில் அவன் நான்குகூட வந்திருக்கவில்லை.